கேம்பஸ் வாசலில் இலவச நடைமேம்பாலம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக மெயின் கேட்டுக்கு முன்னால் நான்கு லேன் சாலை. பஸ் ஸ்டாப்பும் விடுதியும் எதிர்ப்புறம். ஒரே வருடத்தில் இரண்டு மாணவர்கள் அடிபட்டுவிட்டார்கள். ஒரு விளம்பர நிறுவனம் இலவசமாக நடைமேம்பாலம் கட்டித் தருகிறேன் என்கிறது. மாணவர் பேரவை கையெழுத்து வாங்குகிறது. போடலாமா?

பதில்: போடாதீர்கள்.

அந்த நிறுவனத்துக்கு வேண்டியது பாலம் அல்ல, சாலைக்குக் குறுக்கே ஒரு விளம்பரப் பலகை. பலகையைத் தாங்க ஏதாவது வேண்டுமே, அதற்குத்தான் பாலம். ஆகவே அது நீங்கள் கடக்கிற இடத்தில் வராது. வண்டியில் வருகிறவர் கண்ணில் பலகை நன்றாகப் படுகிற இடத்தில் வரும். படிக்கட்டு நடைபாதையில் வந்து இறங்கும், இருக்கிற நடைபாதையும் போய்விடும். லிஃப்ட் உண்டு என்பார்கள். பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள், செய்யாவிட்டால் என்ன அபராதம் என்று கேளுங்கள். நான் படித்த ஒப்பந்தங்களில் பலகையின் அளவு சென்டிமீட்டர் சுத்தமாக இருக்கும், லிஃப்டுக்கு ஒரே ஒரு வரி.

கணக்கையும் பாருங்கள். 14 மீட்டர் அகலச் சாலையைச் சாதாரண நடையில் 12 விநாடியில் கடந்துவிடலாம். பாலமென்றால் அடியில் லாரி போக 5.5 மீட்டராவது விட வேண்டும். தளத்தின் கனத்தையும் சேர்த்தால் 6 மீட்டர். 15 சென்டிமீட்டர் படிகளில் ஏற 40, இறங்க 40. ஒன்பது மணி வகுப்புக்கு 8.58க்குப் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் இதில் ஏறுவாரா? ஏறமாட்டார். உடனே நடுவில் கம்பிவேலி போடுவார்கள். ஒரு மாதத்தில் ஒரு கம்பி வளைந்திருக்கும். அதற்குள் நுழைந்து வருகிறவர் அடிபட்டால், "பாலம் இருக்கும்போது ஏன் கீழே இறங்கினாய்" என்று பழி அவர் தலையிலேயே விழும்.

பாலம் சரிப்படுகிற இடமும் உண்டு. சாலை பள்ளத்தில் ஓடி, இரு பக்கத்துத் தரையும் மேலே இருந்தால் பாலம்தான் நேர்வழி. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். நூலகத்தின் முதல் மாடியையும் எதிர்க் கட்டடத்தின் முதல் மாடியையும் இணைப்பதும் அப்படித்தான். ஆனால் கவனியுங்கள்: போகிறவர் ஏற்கெனவே அந்த மாடியில் இருக்க வேண்டும், போய்ச் சேரும் இடமும் அதே மாடியில் இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் படி ஏற வேண்டியிருந்தால்கூடப் பாதிப்பேர் கீழேதான் போவார்கள். இரவு பத்து மணிக்குக் கட்டடத்தைப் பூட்டிவிட்டால் அதற்கப்புறம் எல்லோருமே கீழேதான். உங்கள் கேட் சமதரையில் இருக்கிறது, அதனால் இந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

அப்படியானால் எதைக் கேட்பது? முதலில் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிறவர் உங்களைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 14 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டரில் வருகிற வண்டி உலர்ந்த சாலையில் அந்த 14 மீட்டருக்குள் முழுதாகவே நின்றிருக்கும். "30" என்று போர்டு வைத்தால் இது நடக்காது. கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு, சுமார் 10 சென்டிமீட்டர், உயர்த்த வேண்டும். மேல் தட்டையாகவும் இரு பக்கமும் சரிவாகவும் இருக்க வேண்டும். ஒரு ராத்திரியில் கொட்டிவிட்டுப் போகிற தார் மேடு இதுவல்ல. அந்த மேடு டூவீலர்காரரைத் தூக்கி எறியும், அவ்வளவுதான் அதனால் பயன்.

அடுத்தது, சாலை நடுவில் நின்றுகொள்ள 2 மீட்டர் அகலத்துக்கு ஒரு திட்டு. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கடக்கலாம்.

நான்கு லேன் சாலையில் வெறும் வரிக்கோடு (ஜீப்ரா கிராசிங்) மட்டும் போட்டுவிட்டுப் போனால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பஸ் மரியாதையாக நிற்கும், நீங்கள் நம்பி இறங்குவீர்கள், பக்கத்து லேனில் வருகிறவருக்கு பஸ் மறைப்பதால் நீங்கள் தெரியவே மாட்டீர்கள். அதனால் வண்டிகள் நிற்கும் கோடு வரிக்கோட்டுக்கு 6 மீட்டராவது முன்னாலேயே இருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பையும், பஸ் கடக்குமிடத்தைத் தாண்டிப் போய் நிற்கிற மாதிரி நகர்த்தச் சொல்லுங்கள். அப்போது இறங்குகிறவர்கள் பஸ்ஸுக்குப் பின்புறமாக, வருகிற வண்டிகளுக்குத் தெரிகிற மாதிரி கடப்பார்கள். சிக்னல் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மனு கொடுத்தால் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். சாலை எங்களுடையது அல்ல என்று ஒரு துறை, போலீஸ் சொல்லட்டும் என்று இன்னொரு துறை. கடைசியில் "கடக்கிறவர் எண்ணிக்கை போதாது" என்று பதில் வரும். கடக்கவே முடியாத இடத்தில் கடக்கிறவர் குறைவாகத்தானே இருப்பார்கள்! முப்பது வருடமாக இந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டி எனக்குச் சலித்துவிட்டது.

ஆகவே எண்ணிக்கையை அவர்களிடம் விடாதீர்கள். வகுப்பு விடும் நேரத்தில் கேட் வாசலில் இரண்டு பேர் 15 நிமிடம் நின்று எண்ணட்டும். யார் எந்த இடத்தில் இறங்கி எங்கே ஏறுகிறார்கள் என்று காகிதத்தில் கோடு போடுங்கள். மயிரிழையில் தப்பியதையும் நேரத்தோடு எழுதுங்கள். ஐந்து நாள் செய்தால் போதும். அந்தக் காகிதத்தை மனுவோடு இணைத்து எல்லாத் துறைக்கும் ஒரே நாளில் கொடுத்து, தேதி முத்திரையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பேரவையின் கையெழுத்துத் தாள் வீணாக வேண்டாம். மேலே இருக்கிற "நடைமேம்பாலம்" என்ற சொல்லை மட்டும் மாற்றுங்கள்.