ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்ற பொது வாக்கெடுப்பில் யார் பக்கம் வாக்களிப்பது என்று எப்படி முடிவெடுத்தீர்கள்?

2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்பில் நான் வாக்களித்தேன். 1707 முதல் இங்கிலாந்தோடு ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் இருந்துவரும் ஸ்காட்லாந்து, அந்த ஒன்றியத்தை விட்டு வெளியேறித் தனிநாடாக வேண்டுமா என்பதே கேள்வி. என்னிடம் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. ஆனால் அங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்களும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும் வாக்களிக்கலாம் என்று விதி இருந்ததால், எடின்பரோவில் குடியிருந்த எனக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைத்திருந்ததால் என் மகளுக்கும் அதுவே முதல் வாக்கு. அவள் ‘வேண்டும்’ என்று போட்டாள். நான் ‘வேண்டாம்’ என்று போட்டேன். அந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதையும், அதில் எந்த இடத்தில் தவறினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதிலாகும்.

வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே வரி: ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா? முதலில் ‘இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா’ என்றுதான் கேட்க இருந்தார்கள். அந்தச் சொல் மக்களை ‘ஆம்’ என்ற பக்கம் தள்ளும் என்று தேர்தல் ஆணையம் சொன்னதால் 2013இல் அதை நீக்கினார்கள். இவ்வளவு கவனமாகச் செதுக்கிய கேள்விக்குக்கூடப் பலர் வேறு ஏதோ ஒரு கேள்வியின் பதிலைத்தான் போடத் தயாராக இருந்தார்கள். பிரதமர் கேமரூனைப் பிடிக்காதவர் ஒரு பக்கம், ஸ்காட்லாந்து முதலமைச்சர் சால்மண்டைப் பிடிக்காதவர் மறுபக்கம். இருவருமே சில ஆண்டுகளில் பதவியை விட்டுப் போய்விடுவார்கள். நாடு அங்கேயேதான் இருக்கும். ஆகவே ஆட்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொண்டேன்.

ஸ்காட்லாந்து அரசு 2013 நவம்பரில் தனிநாட்டுக்கான வெள்ளை அறிக்கையை வெளியிட்டிருந்தது. சுமார் 670 பக்கங்கள் கொண்ட கனத்த புத்தகம். கேட்டவர்களுக்கு இலவசமாக அனுப்பிவைத்தார்கள். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, பல மாதங்கள் இரவுதோறும் சில பக்கங்களாகப் படித்தேன். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில், பென்சிலால் இரண்டில் ஒன்றை எழுதுவேன்: ‘இவர்கள் கையில்’ அல்லது ‘பிறர் கையில்’. குழந்தைப் பராமரிப்புக்குக் கூடுதல் நிதி தருவோம் என்றால், அது புதிய நாட்டின் அரசே செய்யக்கூடியது. கிளாஸ்கோவுக்கு அருகே ஃபாஸ்லேனில் நிற்கும் அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல்களை அகற்றச் சொல்வதும், காலம் பிடிக்கும் என்றாலும், அவர்கள் கையில்தான். எண்ணெய் வருவாய் அப்படியன்று. பீப்பாய் சுமார் 110 டாலருக்கு விற்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. உலகச் சந்தையின் விலையை எந்த அரசும் எழுதிக் கொடுக்க முடியாது என்பதால், அதை நம்பியும் வாக்களிக்கக் கூடாது, அது விழும் என்று பயந்தும் வாக்களிக்கக் கூடாது என்று ஒதுக்கிவிட்டேன். வாக்கெடுப்பு முடிந்த நான்கே மாதங்களில், 2015 ஜனவரியில், விலை 50 டாலருக்கும் கீழே போனது.

நான் அதிகம் தங்கியது நாணயத்தைப் பற்றிய பக்கங்களில்தான். தனிநாடான பிறகும் பவுண்டையே, பிரிட்டனோடு முறையான ஒப்பந்தம் செய்துகொண்டு, வைத்துக்கொள்வோம் என்றது வெள்ளை அறிக்கை. ஆனால் 2014 பிப்ரவரியில் பிரிட்டன் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் எடின்பரோவுக்கே வந்து, அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு இடமில்லை என்று அறிவித்தார். எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் அதையே சொன்னது. வெறும் மிரட்டல் என்று சால்மண்ட் பதில் சொன்னார். மிரட்டலாகவே இருந்திருக்கலாம். என் கவலை அதுவன்று. ஒரு வங்கி சரியும்போது அதைத் தாங்கிப் பிடிக்க, பணத்தை வெளியிடும் அதிகாரமுள்ள மத்திய வங்கி ஒன்று பின்னால் நிற்க வேண்டும். எங்கள் ஊரிலேயே தலைமையகம் கொண்ட ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 2008இல் விழப்போனபோது, பிரிட்டன் அரசு சுமார் 4,500 கோடி பவுண்டு போட்டு அதைக் காப்பாற்றியது. ஒப்பந்தம் இல்லாமல் அடுத்த நாட்டின் பணத்தைப் புழங்கும் நாட்டுக்கு இப்படி ஒரு நாள் வந்தால் யார் வருவார்கள்? ஆகஸ்டில் நடந்த முதல் தொலைக்காட்சி விவாதத்தில், மாற்றுத் திட்டம் என்ன என்று, ‘வேண்டாம்’ தரப்பின் தலைவரான டார்லிங் சால்மண்டிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். நேரான பதில் வரவில்லை. அன்றிரவு அந்தப் பக்கத்தில் ‘பிறர் கையில்’ என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

ஐரோப்பிய ஒன்றியமும் அதே வகைதான். தனிநாடானால் உறுப்புரிமை தொடரும் என்றது அறிக்கை. அது மிக மிகக் கடினம் என்றார் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த பரோசோ. பிரிட்டனுக்குள் இருந்தால் ஐரோப்பாவுக்குள்ளும் இருப்போம் என்று விலகல் வேண்டாம் என்ற தரப்பு பரப்புரை செய்தது. என்னோடு வேலை பார்த்த ஸ்பெயின் நாட்டுப் பெண் அந்த ஒரு காரணத்துக்காகவே ‘வேண்டாம்’ போடப்போவதாகச் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மகளின் வாதம் வேறு திசையிலிருந்து வந்தது. 2010 தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் ஒன்றே ஒன்றில்தான் கன்சர்வேட்டிவ் கட்சி வென்றது. ஆனாலும் அந்தக் கட்சியின் தலைவரே பிரதமர். இந்த ஒன்றியத்தில் நம் வாக்கு எண்ணப்படுகிறதே தவிர முடிவை மாற்றுவதில்லை என்பது அவள் நிலைப்பாடு. எண்ணெயையும் நாணயத்தையும் விட அதுதான் வாக்குச்சீட்டில் கேட்ட கேள்விக்கு மிக அருகில் இருந்த வாதம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் சரியான மறுப்பு இருக்கவில்லை, இன்றும் இல்லை.

ஒரு நாள் அவள் மேசைக்கு எதிரே நின்று கேட்டாள்: “அப்பா, அந்த ஒரு புத்தகத்துலதானே பென்சிலால எழுதுறீங்க? இது ஒண்ணு வந்துதே, இதை ஏன் தொடவே இல்ல?” அவள் கையில் இருந்தது, ஒன்றியத்தில் தொடர்வதன் பயன்களைச் சொல்லி பிரிட்டன் அரசு வீடுதோறும் அனுப்பிய சிறு கையேடு. “இருக்கிறது அப்படியேதானே இருக்கப்போகுது, இதுல பாக்க என்னம்மா இருக்கு?” என்றேன். என் முடிவில் பிழை புகுந்த இடம் அந்த ஒரு வாக்கியம்தான்.

இருப்பது அப்படியே இருக்கும் என்று எவரும் எழுதிக்கொடுக்கவில்லை. அடுத்த தேர்தலில் தன் கட்சி வென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்வதா என்று பிரிட்டன் முழுவதும் வாக்கெடுப்பு நடத்துவேன் என்று கேமரூன் 2013 ஜனவரியிலேயே அறிவித்திருந்தார். நானும் அதைச் செய்தித்தாளில் படித்தவன்தான். விலகும் தரப்பின் ஒவ்வொரு வரியையும் ‘யார் கையில்’ என்று சோதித்த நான், பிரிட்டனுக்குள் இருந்தால் ஐரோப்பாவுக்குள் இருப்போம் என்ற வரியை மட்டும் சோதிக்காமல் விட்டுவிட்டேன். வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, மூன்று பெரிய கட்சிகளின் தலைவர்களும் கையெழுத்திட்டு, தொடர்ந்தால் கூடுதல் அதிகாரங்கள் தருவோம் என்று ஒரு நாளிதழின் முதல் பக்கத்தில் உறுதியளித்தார்கள். அஞ்சலில் வாக்களித்த ஏராளமானோர் அதற்குள் வாக்கை அனுப்பிவிட்டிருந்தார்கள். ‘வேண்டாம்’ என்ற சொல்லின் பொருளே கடைசி 48 மணி நேரத்தில் மாறியது. அப்போதும் நான் விழித்துக்கொள்ளவில்லை.

ஆகவே, இப்படி ஒரு முடிவின் முன்னால் நிற்பவர் என்னிடம் கேட்டால், பென்சிலை எடுத்து இரண்டு தரப்பின் தாள்களிலும் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். விலகினால் என்ன ஆகும் என்று கேட்கும் அதே கடுமையோடு, விலகாவிட்டால் அடுத்த பத்தாண்டில் என்னென்ன மாறக்கூடும், அந்த மாற்றத்தைத் தடுக்கும் பலம் நம் வாக்குக்கு உண்டா என்றும் கேளுங்கள். அதன்படி அன்று செய்திருந்தாலும் நாணயத்தை முன்னிட்டு நான் ‘வேண்டாம்’ என்றே போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் ஐரோப்பாவைக் காரணங்களில் ஒன்றாக எண்ணியிருக்க மாட்டேன், அந்த ஸ்பெயின் தோழியிடமும் ‘ஆமாம், அது நியாயம்’ என்று சொல்லியிருக்க மாட்டேன்.

அன்று 84.6 சதவீதம் பேர் வாக்களித்தோம், 55.3 சதவீதம் ‘வேண்டாம்’, 44.7 சதவீதம் ‘வேண்டும்’. 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றிய வாக்கெடுப்பு வந்தபோது, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு வாக்கு இருந்தது. பல ஆண்டுகளாக எடின்பரோவில் வாழ்ந்த, ஐரோப்பியக் குடிமகளான அந்தத் தோழிக்கு இல்லை. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் தொடர வேண்டும் என்றோம்; பிரிட்டன் முழுவதுமாக 51.9 சதவீதம் விலக வேண்டும் என்றது. மகள் அந்தக் கையேட்டைப் பற்றி ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

2019 கோடையில், தான் வாழ்ந்த ஊரிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமை கேட்டு அந்தத் தோழி அரசுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கான செயலி அப்போது ஐபோனில் இயங்காது. ஒரு மதிய இடைவேளையில் என் ஆண்ட்ராய்டு கைபேசியை வாங்கி, தன் கடவுச்சீட்டை மேசையில் விரித்து, வெளிச்சம் படும்படி நகர்த்தி நகர்த்தி வைத்து, மூன்றாவது முறையில் அதைப் படமெடுத்தார்.