விவாகரத்து ஆனாலும் வீட்டுக் கடன் ஏன் இருவர் தலையிலும் நிற்கிறது?

கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வாங்கும் கடன்தான் கூட்டு வீட்டுக் கடன். பிரிந்த பிறகு “பாதிதான் என் பொறுப்பு” என்று வங்கியிடம் சொல்ல முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, முழுப் பாக்கியையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். இருவர் சம்பளத்தையும் நம்பித்தானே வங்கி பணம் கொடுத்தது? நண்பரின் சீட்டுக்கு ஜாமீன் போட்டவர், நட்பு முறிந்ததும் ஜாமீனிலிருந்து விடுபடுவதில்லை. அதே கதைதான் இதுவும்.

ஒருவர் இஎம்ஐ கட்டாமல் விட்டால் மற்றவரின் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் எண்) சரியும். வீட்டை ஒருவரே வைத்துக்கொள்வதென்றால் முதலில் வங்கிக்குப் போங்கள். மூலப் பத்திரம் அங்கேதான் இருக்கிறது. கடனை ஒரே பெயருக்கு மாற்ற எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்கிய அப்புறம், விலகுபவர் வீட்டில் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பத்திரத்தை மட்டும் முதலில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு வீடு போய், கடன் மிஞ்சும். ஒரு சம்பளம் போதாது என்று வங்கி சொன்னால், விற்று அடைப்பதே நல்லது என்பேன்.

விவாகரத்தானால் சொத்தில் பாதி தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கோவா போன்ற சில இடங்களைத் தவிர இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை, பத்திரத்தில் யார் பெயர், பணம் போட்டது யார் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.