கட்டிலுக்கு அடியில் கிடக்கும் வீணை

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 43. காலை 5 மணிக்கு எழுந்தால் படுக்க இரவு 11 ஆகிவிடுகிறது. கணவர் நல்லவர், கேட்டால் உதவி செய்வார். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். ஆனாலும் எனக்கென்று ஒரு நிறைவு இல்லை. கல்யாணத்துக்கு முன் பத்து வருடம் வீணை கற்றேன். அது இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நேரத்தைத் திட்டமிடத் தெரியாததுதான் என் தவறா? வேலையை விட்டுவிடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: வேலையை விடாதீர்கள். விட்டால் மிச்சமாகும் நேரம் வீணைக்கு வராது, வீட்டுக்குத்தான் போகும். சம்பளமும் போய்விடும்.

அப்புறம், திட்டமிடத் தெரியாதவரா நீங்கள்? இடம் போதாமல் உங்கள் கடிதத்தைச் சுருக்கிவிட்டேன். மூன்று டிபன் பாக்ஸ், மாமியாருக்குக் கஞ்சி, பையனின் ஸ்கூல் வேன், 10 மணிக்குள் கவுன்ட்டர் என்று நீங்கள் எழுதியிருந்த ஒரு காலைப்பொழுதை வேறு யாராலும் இதைவிட நன்றாகத் திட்டமிட முடியாது.

என்னைத் தடுத்து நிறுத்திய வரி வேறு. ‘கேட்டால் உதவி செய்வார்.’ இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் இதை எத்தனையோ முறை படித்துவிட்டேன். யாருடைய வேலைக்கு அம்மா அவர் உதவுகிறார்? காஸ் எப்போது தீரும், பள்ளிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை இருக்கிறது என்று நினைவில் வைத்திருப்பதே பெரிய வேலை. கேட்டால் மட்டும் செய்கிறவருக்கு அந்தப் பாரம் கிடையாது. இரவு 11 மணிக்குப் படுத்த பிறகும் உங்கள் தலைக்குள் அது ஓடிக்கொண்டிருக்கும்.

மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளுக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் பார்த்த சராசரி. 2023 செப்டம்பரில் தமிழக அரசு பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோது அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது. வீட்டில் கூலியில்லாமல் உழைப்பதற்கான அங்கீகாரம் என்று காரணமும் சொன்னது. அரசாங்கமே ஒப்புக்கொண்டதை உங்கள் வீட்டில் இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

சரி, வீணைக்கு வருவோம். கம்பிகள் துருப்பிடித்திருக்கும். விரல் வைத்து வாசிக்கும் உலோக மெட்டுகளைத் தாங்கும் மெழுகும் கெட்டிருக்கலாம். கடையில் கொடுத்துச் சரிசெய்யுங்கள். விரல் நுனியில் இருந்த காய்ப்பு மறைந்திருக்கும், முதல் சில வாரம் வலிக்கும். முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து தொடங்குங்கள். கச்சேரிக்கு, யூடியூபுக்கு, மகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்று எந்தக் காரணமும் தேட வேண்டாம். உங்களுக்குப் பிடிக்கிறது, அது போதும்.

செவ்வாய், சனி மாலை ஒரு மணி நேரம். வீட்டில் அனுமதி கேட்காதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். அந்த இரண்டு இரவும் சமையல் கணவருடையது. என்ன சமைப்பது என்று யோசிப்பதிலிருந்து அடுப்பைத் துடைப்பது வரை அவர் பாடு. உள்ளே பாத்திரம் உருளும். பெருங்காய டப்பா எங்கே என்று குரல் வரும். ‘நானே செய்தால் பத்து நிமிடத்தில் முடியுமே’ என்று உங்கள் கை பரபரக்கும். எழுந்து போகாதீர்கள். அவர் தேடட்டும், கிடைத்துவிடும்.

கம்பி மாற்றியதும் எனக்கு எழுதுங்கள். அவர் சமைத்த முதல் செவ்வாய்க்கிழமை எப்படிப் போனது என்பதையும் சேர்த்து.