அட்டையில் ஓர் அட்டை விளையாட்டு

கேள்வி: அண்ணா, என் மகனுக்குப் பத்து வயது. கோபுரம் கட்டி, வரிசையாக வருகிற எதிரிகளைச் சுடுகிற டவர் டிஃபென்ஸ்தான் எந்நேரமும் போனில். மழைக்குக் கரண்ட் போய், சார்ஜும் தீர்ந்தால் வீடு இரண்டுபடுகிறது. அதையே அட்டையில் செய்து, லயத்துப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து விளையாட முடியுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: முடியும் தங்கச்சி. ஆனால் போனில் இருப்பதை அப்படியே அட்டையில் இறக்கப் போனால் மாட்டிக்கொள்வீர்கள், நான் மாட்டியதுபோல. எதிரிக்கு 100 உயிர்ப் புள்ளி, அடி ஒன்றுக்கு 7 குறையும் என்று வைத்தேன். மூன்றாவது சுற்றில் என் மருமகள் பென்சிலைப் போட்டுவிட்டு, "மாமா, இது கணக்குப் பாடம்" என்று எழும்பிப் போய்விட்டாள். போனுக்குள் நடக்கிற கணக்கு நம் கண்ணில் படாது, மேசைக்கு வந்தால் அது நம் தலையில்தான் விழும்.

2009இல் வந்த கேசில் பேனிக் பலகை விளையாட்டில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. எதிரிகள் எல்லாம் முக்கோண வில்லைகள். அடி பட்டால் வில்லையைத் திருப்பினால் போதும், முன்னால் வருகிற மூலையில் உள்ள எண்தான் மிச்ச உயிர், அதுவும் மூன்றுக்கு மேல் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கம் என்பதால் சண்டையும் குறையும் (குறையும் என்றுதான் சொன்னேன்).

உங்கள் பிள்ளைகளுக்குக் கோட்டை எதற்கு? பழைய கலண்டர் அட்டையில் நாலு வளையம் வரைந்து, நடுவில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு அம்மாவை நிறுத்துங்கள். ஓரத்திலிருந்து ஊர்ந்து வருவது அட்டை. ஆமாம், காலில் ஏறுகிற அதே அட்டைதான்! வட்டத்தை ஆறாகப் பிரித்து எண் போட்டால், எந்தப் பக்கம் அட்டை வரும் என்பதைப் பகடை சொல்லும். ஒரு சுற்றுக்கு ஒரு வளையம் உள்ளே நகரும். பிள்ளைகள் கையில் உப்பு, சவர்க்காரம், தேசிக்காய்ச் சீட்டுகள். மழைச் சீட்டு வந்துவிட்டால் தேய்த்த சவர்க்காரமெல்லாம் கழுவிப் போகும், இருக்கிற அட்டையெல்லாம் இரண்டு வளையம் பாயும்.

போனில் இருக்கும் அந்தப் பதற்றமும் வேண்டுமா? எஸ்கேப் என்று 2012இல் ஒரு விளையாட்டு வந்தது. என் முறை, உன் முறை கிடையாது, 10 நிமிடத்துக்குள் கோயிலைவிட்டு வெளியேற எல்லாரும் ஒரே நேரத்தில் பகடை உருட்டித் தள்ளுவார்கள். கரண்ட் இல்லாத வீட்டில் சாமி மாடத்து ஊதுவத்தியைப் பாதியாக ஒடித்துக் கொளுத்துங்கள், அதுதான் கடிகாரம்.

கேள்வி: கம்ப்யூட்டரில் இருப்பதைப் பலகைக்குக் கொண்டுவருவது பின்னால் போவதுதானே?
– வாசகர், ஹட்டன்

பதில்: சிவிலைசேஷன் என்ற பெயரில் 1980இல் வந்தது பலகை விளையாட்டு. அதே பெயரில் கம்ப்யூட்டர் விளையாட்டு வந்தது 1991இல். அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை வைத்து 2002இல் மறுபடி ஒரு பலகை வந்தது. இதில் எது முன்னால், எது பின்னால்?

கேள்வி: போன் விளையாட்டில் மேப் இருட்டாக இருக்கும், நாம் போன இடம் மட்டும் வெளிச்சமாகும். மேசையில் எல்லாமே தெரியுமே?
– வாசகி, ஹப்புத்தளை

பதில்: ஹப்புத்தளையில் இருந்துகொண்டு மூடுபனி மாதிரி வழியை மறைப்பதைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்களே! 304 சீட்டு விளையாடும்போது துரும்புச் சீட்டைக் கவிழ்த்துத்தானே வைக்கிறோம்? நெருப்புப்பெட்டி அட்டைகளில் வழியை வரைந்து, அதேபோல் கவிழ்த்து அடுக்குங்கள், காய் போய் நிற்கிற அட்டையை மட்டும் திருப்புங்கள். லேபிள் பக்கத்தை முதலில் கிழித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கீறலைப் பார்த்தே எது எந்த அட்டை என்று பிள்ளைகள் இரண்டே நாளில் பாடமாக்கிவிடுவார்கள்.