தங்க நிறத் தகட்டில் திறக்காத திருமணப் படங்கள்

கேள்வி: 1995-இல் நடந்த என் அக்காவின் திருமணப் படங்களை, அப்போது சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் அண்ணன் அங்கே ஒரு ஸ்டூடியோவில் நெகட்டிவ்களைக் கொடுத்து, தங்க நிறக் குறுந்தகடு ஒன்றில் பதிந்து வாங்கி வந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பமும் நெகட்டிவ்களும் பாழாகிவிட்டன. பரண்மேல் இருந்த தகடு மட்டும் தப்பியது. அதிலிருந்து நகலெடுத்த கோப்புகள் ‘ஐஎம்ஜி0001.பிசிடி’ என்ற வகையில் பெயர் கொண்டுள்ளன. விண்டோஸ் அவற்றைத் திறப்பதில்லை. பின்னொட்டை ‘ஜேபிஜி’ என்று மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கோப்புகள் கெட்டுவிட்டன, தூக்கிப் போடுங்கள் என்கிறார் கணினிக் கடைக்காரர் ஒருவர். பிள்ளைகள் இறக்கித் தந்த ஒரு மென்பொருளில் சில படங்கள் திறந்தாலும், அவை மிகச் சிறியதாகவும், மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பே தெரியாத வெள்ளையாகவும் இருக்கின்றன. மீட்க வழி உண்டா? – வாசகி, கோட்டூர்புரம், சென்னை.

பதில்: உண்டு. தயவுசெய்து எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு மென்பொருளில் சில படங்களாவது திறந்தன என்று நீங்கள் எழுதியிருப்பதே பெரிய ஆறுதல். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அவற்றின் வடிவம்தான் வழக்கொழிந்துவிட்டது.

உங்களிடம் இருப்பது கோடாக் நிறுவனம் 1992-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘ஃபோட்டோ சிடி’. இதில் ஒவ்வொரு கோப்பினுள்ளும் ஒரே படம் ஐந்து அளவுகளில் அடங்கியிருக்கும்: 192×128, 384×256, 768×512, 1536×1024, 3072×2048 பிக்சல்கள். முதல் மூன்றும் நேரடியாகப் படிக்கக்கூடியவை. பெரிய இரண்டும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை; சிறிய படத்தைப் பெரிதாக்கினால் எங்கெங்கே நுணுக்கம் விடுபடுமோ, அந்த வேறுபாடு மட்டும் சுருக்கி எழுதப்பட்டிருக்கும். அதை விரித்துக் கூட்டத் தெரியாத மென்பொருள் 768×512-உடன் நின்றுவிடும். நீங்கள் பார்த்த சிறிய படம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 3072×2048 என்பது அறுபது லட்சம் பிக்சலுக்கு மேல். பத்து அங்குல அகலத்தில் தரமாக அச்சிட்டுச் சட்டமிட அது போதும்.

வேட்டி வெளுத்துப் போனதற்குக் காரணம் வேறு. நெகட்டிவில் பதிந்த மிகப் பிரகாசமான பகுதிகளும் தப்பிவிடக் கூடாது என்பதற்காக, வெள்ளைக் காகிதத்தின் வெண்மைக்கு 0 முதல் 255 வரையுள்ள அளவுகோலில் ஏறத்தாழ 182-ஐ ஒதுக்கி, அதற்கு மேற்பட்ட இடத்தை விளக்கொளியின் மினுக்கத்துக்காக விட்டுவைத்தார்கள். இந்த ஏற்பாட்டை அறியாத மென்பொருள் 182-க்கு மேலுள்ள எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக்கிவிடும். பட்டு வேட்டியின் மடிப்பும் கூந்தலில் சூடிய மல்லிகையின் இதழ்களும் முதலில் மறைவது இதனால்தான். அந்த விவரங்கள் கோப்பில் இன்னும் பத்திரமாக உள்ளன.

பின்னொட்டை மாற்றியது பலிக்காததில் வியப்பில்லை. பெயர்ப் பலகையை மாற்றினால் கடைக்குள் இருக்கும் சரக்கு மாறிவிடாது. பெயர்களைப் பழையபடியே ‘பிசிடி’ என்று திருத்திவிடுங்கள். முப்பரிமாணப் புள்ளித் தரவுகளுக்கும் இதே பின்னொட்டு வழங்குவதால், சில கணினிகள் பொருத்தமில்லாத மென்பொருளைப் பரிந்துரைக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஐயம் இருந்தால், கோப்பின் உள்ளடக்கத்தை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் பார்வையான் ஒன்றில் திறந்து 2048-ஆவது இடத்துக்குச் செல்லுங்கள். அங்கே ‘பிசிடி’, ஓர் அடிக்கோடு, ‘ஐபிஐ’ என ஆங்கிலத்தில் ஏழு குறிகள் இருந்தால் அது கோடாக் படமே.

மென்பொருளுக்குப் போகுமுன் தகட்டை முழுமையாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ்கள் போய்விட்ட நிலையில் இதுதான் உங்களிடம் உள்ள ஒரே மூலம். சென்னையின் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் பரணில் இத்தனை ஆண்டுகள் கிடந்த தகட்டை மீண்டும் மீண்டும் சுழலவிட எனக்கு மனம் வரவில்லை. மென்மையான உலர்ந்த துணியால், வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள். பெயர் எழுதிய மேற்பக்கத்தைக் கீறிவிடாதீர்கள். தகவல் தாங்கும் படலம் அந்தப் பக்கத்துக்கு அடியில்தான், மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது.

கோப்பு அரைகுறையாக நகலாகியிருந்தாலும் சிறிய படம் திறந்துவிடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். சிறிய மூன்று அளவுகளும் கோப்பின் தொடக்கத்தில், ஏறத்தாழ முதல் 800 கேபிக்குள் முடிந்துவிடுகின்றன. பெரியவை அதன் பின்னரே வருகின்றன. மற்ற படங்கள் பெரிய அளவில் திறக்க, ஒன்று மட்டும் மறுத்தால், அந்த ஒன்றை இன்னொரு டிரைவில் மீண்டும் நகலெடுத்துப் பாருங்கள். யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவ் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும்.

படங்களைப் பார்க்க மட்டும் என்றால் ‘இர்ஃபான்வியூ’ போதும். அதன் கூடுதல் பிளக்-இன் தொகுப்பைத் தனியாக நிறுவி, பிசிடி படங்களுக்கான அளவைப் பெரியதாக அமைத்துக்கொள்ளுங்கள். நிறமும் வெண்மையும் சரியாக வேண்டும் என்றால், இந்த வடிவத்துக்காகவே எழுதப்பட்ட ‘பிசிடிடுஜேபெக்’ என்னும் இலவசக் கருவியையே நான் பரிந்துரைப்பேன். அதற்குப் பொத்தான்களும் பட்டியல்களும் கிடையாது, கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும்; உங்கள் பிள்ளைகள் உடன் அமர்ந்தால் முடிந்துவிடும். இணையத்தில் கோப்பை ஏற்றினால் மாற்றித் தரும் தளங்கள் வேண்டாம். குடும்பப் படங்களை முகமறியாதவர்களிடம் ஒப்படைப்பது ஒருபுறமிருக்க, அவற்றில் பல சிறிய அளவையே திருப்பித் தரக்கூடும்.

நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் படுத்தபடி வந்தால் திருப்பிக்கொள்ளுங்கள். ‘ஓவர்வியூ’ என்ற பெயரில் இருக்கும் கோப்பு எல்லாப் படங்களின் சிற்றுருவங்களை மட்டும் தாங்கியது. அது தனிப் படமாகத் திறக்காவிட்டால் இழப்பில்லை. மாற்றிய படங்களோடு மூலப் பிசிடி கோப்புகளையும் இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் வைத்து, ஒன்றை அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ கொடுத்துவிடுங்கள்.