பாதம் மரத்துப்போய் இரவில் எரிகிறது, நரம்புச் சத்து மாத்திரை போதுமா?

மருந்துக் கடையில் நரம்புச் சத்து மாத்திரை வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து காரணம் தெரியாமல் போடாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. அம்மாவுக்கு இதே தொந்தரவு வந்து, கூடவே அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அம்மாவின் பாதம் மரத்துப்போனதைக் காட்டிக்கொடுத்தது செருப்புதான். ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்க, அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். மருத்துவர் டியூனிங் ஃபோர்க்கை (தட்டினால் அதிரும் உலோகக் கவையை) தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்து, "அதிருதாம்மா?" என்று கேட்டார். "இல்லையே, ஜில்லுன்னுதான் இருக்கு." கணுக்காலுக்கு ஏற்றிய பிறகுதான், "ஆங், இப்போ தெரியுது" என்றார். எனக்குப் பகீரென்றது.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடுபவை புற நரம்புகள். பாதத்துக்குப் போகிறவைதான் ரொம்ப நீளம், அதனால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் அடிபடும். சர்க்கரை நோய்தான் முக்கியக் காரணம். மது, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, சில புற்றுநோய் மருந்துகள், தொழுநோய் என்று இன்னும் பல உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது, கூடவே பி12 வைட்டமினும் குறைந்திருந்தது. பல வருடம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி ஆவதுண்டு. ஊசி போட்டார்கள். ஆனால் பி6 வைட்டமின் அப்படியில்லை. அளவுக்கு மீறித் தொடர்ந்து எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பல சத்து மாத்திரைகளில் அதுவும் கலந்திருக்கிறது.

முதலில் ரத்தப் பரிசோதனை: சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின். தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் பரிசோதனை, அதாவது நரம்பு வழியே மின் சைகை எப்படிப் போகிறது என்று பார்ப்பது. அதில் எல்லாம் சரி என்று வந்தாலும் எரிச்சல் பொய்யாகிவிடாது, மெல்லிய நரம்பிழைகளின் பாதிப்பு அதில் தெரியாது.

பிரிகாபலின், டுலாக்ஸெட்டின் போன்றவை எரிச்சலை அடக்கும், நரம்பைச் சரிசெய்யாது. காரணத்தைச் சரிசெய்தாலும் நரம்பு மெல்லத்தான் தேறும்; முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

எரிச்சலைவிட மரத்துப்போவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். வலித்தால் கவனிப்போம், வலிக்காத புண் உள்ளுக்குள்ளேயே சீழ் வைக்கும். அம்மா இப்போது தினமும் இரவில் தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். செருப்புக்குள் கைவிட்டுத் தடவிய பிறகே காலை நுழைக்கிறார்.

அப்புறம் ஒன்று. பலவீனம் சில நாட்களுக்குள் காலிலிருந்து மேலே ஏறினாலோ, மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமமானாலோ, அது கில்லன்-பாரே நோயாக (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.