கடைசி ரெண்டு ஆப்ஷனில் எதை எடுப்பது?

வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேனுங்க. ஆங்கிலப் பத்தியைப் படித்து விடை சொல்லும் பகுதியில் ஐந்து ஆப்ஷனில் மூன்றைச் சுலபமாகத் தள்ளிவிடுகிறேன். மிச்சம் இரண்டும் சரி மாதிரியே தெரிகிறது. நான் விட்டதுதான் எப்போதும் விடையாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

மூன்றைத் தள்ளத் தெரிகிறது என்றால் உங்கள் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இல்லைங்க. நீங்கள் எது உண்மை என்று பார்க்கிறீர்கள், அவர்கள் கேட்பதோ பத்தியில் என்ன இருக்கிறது என்பதை. நம்மூர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் தெரிந்த விஷயத்தில்தான் அதிகம் வழுக்கும்.

பத்தி இது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகப் பயன்பாட்டுக்கு வந்தது. திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலந்து அணையில் தேங்கியது. அந்தத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.' கேள்வி, பத்தியின் மையக் கருத்து எது. (அ) சாயப்பட்டறைகளைக் கட்டுப்படுத்தாமல் நொய்யலைக் காப்பாற்ற முடியாது. (ஆ) அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. (இ) பாசனத்துக்கென வந்த அணை, கழிவு தேங்கியதால் விவசாயிகளே வேண்டாம் என்னும் நிலைக்குப் போனது. (ஈ) விவசாயிகள் அணையைத் தொடக்கம் முதலே எதிர்த்தார்கள்.

ஈரோட்டுக்காரரோ திருப்பூர்க்காரரோ பாதிப் பேர் (அ)-வைத்தான் எடுப்பார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை நமக்குத் தெரியும், அதனால் அது மனசுக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் பத்தியில் தீர்வு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! (ஆ) முழு உண்மை, பத்தியிலேயே இருக்கிறது, ஆனால் அது ஒரு தகவல், மையக் கருத்து ஆகாது. (ஈ)-யில் 'தொடக்கம் முதலே' என்ற ரெண்டு வார்த்தை போதும் அதைக் கெடுக்க. மிச்சம் (இ).

ஆக, பாருங்க அம்மிணி, கடைசி இரண்டில் எது நல்லா இருக்கிறது என்று யோசிக்காதீர்கள். எதில் விடையைக் கெடுக்கும் வார்த்தை ஒன்று ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். 'மட்டுமே', 'எல்லாரும்', 'ஒருபோதும்' எல்லாம் சந்தேகக் கேஸ், ஆனால் பத்தியே அப்படி அடித்துச் சொல்லியிருந்தால் அந்த ஆப்ஷன்தான் சரி, பல கோச்சிங்கில் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பத்தியின் வாக்கியத்தை அப்படியே தூக்கி வைத்திருக்கும் ஆப்ஷனையும் ஒருமுறை முறைத்துப் பாருங்கள், காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றியிருப்பார்கள். எடுத்த விடைக்கு இந்த வரிதான் ஆதாரம் என்று விரலை வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

அப்படியும் தீரவில்லையா, துணிந்து ஒன்றைப் போடுங்க. தவறுக்குக் கால் மார்க்தான் போகும். ஐந்தில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் சராசரியில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை, மூன்றைத் தள்ளிவிட்டு அடித்தால் லாபம் உங்கள் பக்கம்தான்.

பையன் வெளிநாட்டில் படிக்க ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறானுங்க. 'ஃபால்ஸ்', 'நாட் கிவன்' இரண்டிலும் மாற்றி மாற்றிப் போடுகிறான். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
– வாசகர், திருப்பூர்

ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, பத்திப்படி அது மெய்யா ('ட்ரூ'), பொய்யா ('ஃபால்ஸ்'), பத்தியில் சொல்லவே இல்லையா ('நாட் கிவன்') என்று கேட்பார்கள். பத்தியை வைத்து அந்த வாக்கியத்தைப் பொய் என்று அவனால் நிரூபிக்க முடிந்தால் 'ஃபால்ஸ்'. நிரூபிக்கவும் முடியவில்லை, மெய் என்று காட்டவும் முடியவில்லை என்றால் 'நாட் கிவன்'. மேலே கோபி வாசகிக்குச் சொன்ன பத்தியிலேயே பாருங்களேன், 'அணை பாசனத்துக்காக வரவில்லை' என்றால் ஃபால்ஸ், 'அணையில் மீன் வளர்த்தார்கள்' என்றால் நாட் கிவன். படிக்கிற பையன்கள்தான் இதில் மாட்டுகிறார்கள், பத்தியில் இல்லாததைத் தங்கள் பொது அறிவால் நிரப்பிவிடுகிறார்கள். இங்கே நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால் இந்த வாசிப்புப் பகுதியின் 40 கேள்வியில் ஒன்றைக்கூடக் காலியாக விடச் சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம்தான், தாளில் எழுதுவதாக இருந்தால் விடைத்தாளில் நிரப்புவதும் அதற்குள்ளேயே.

முதலில் கேள்வியைப் படிக்கணுமா, பத்தியையா?
– வாசகர், தாராபுரம்

கேள்வியை மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், ஆப்ஷன்களை வேண்டாம். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் தவறான விடை, அதை மண்டையில் ஏற்றிக்கொண்டு பத்திக்குள் போனால் அங்கே இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரித் தெரியும். சிலருக்கு நேராகப் பத்தியைப் படிப்பதுதான் ஒத்துவருகிறது, அதுவும் சரிதான், ரெண்டு மாதிரித் தேர்வில் ரெண்டு விதமாகவும் செய்து பார்த்து மார்க் எதில் கூடுகிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். தேர்வு அன்று மாத்தாதீங்க.